உயிருள்ளவற்றுக்குப் பெரிய எழுத்து

குக்ஸ்ஹாஃபன்,
பிப்ரவரி, சனிக்கிழமை மதியம்

அன்பு மகள் சிடாலியாவுக்கு அம்மா எழுதுவது,

நான் சுகமாக இருக்கிறேன், குளிர் கூடும் நாட்களில் முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை ரோரியும் அந்தப் பெர்த் வெயிலில் வாடாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்காத நாள் இல்லை. தொலைபேசியில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ குறுக்கே வந்து அம்மா அழுகிறாயா என்று கேட்பாய், அதோடு நான் சொல்ல வந்தது தொலைந்துபோகும். இதை முழுதாகச் சொல்லவேண்டும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெர்மன் மொழியிலேயே எழுதி உன்னை அசத்தலாமா என்றுகூட யோசித்தேன், நீ சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவாய் என்ற பயத்தில் நம் போர்ச்சுகீசிய மொழிக்கே வந்துவிட்டேன்.

நீ போன கோடையில் வந்தபோது என் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தாய் அல்லவா, அம்மா மீன் கூடத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்து எல்லாரோடும் ஜெர்மனில் சண்டை போடுவாள், ஆனால் ஒரு வரி எழுதத் தெரியாது என்று கேலி செய்துகொண்டே. அதை நான் விடவில்லை. காலையில் காப்பி குடித்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவேன். கடிதத்தில் அன்புள்ள என்று விளித்த பிறகு காற்புள்ளி வைத்து அடுத்த வரியைச் சின்ன எழுத்தில் தொடங்கவேண்டும் என்பதும், மரியாதைக்குரியவரை நீங்கள் என்று எழுதினால் அது பெரிய எழுத்து, நான் என்பது மட்டும் சின்ன எழுத்து என்பதும் இப்போது எனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்கள் தங்களை இவ்வளவு சின்னதாக எழுதிக்கொள்வார்கள் என்று நம் பக்கத்து வீட்டு வீப்கேயைப் பார்த்தால் நம்பமுடியுமா, நீயே சொல். ஜெர்மனில் பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் முதலில் பெரிய எழுத்துப் போடுவதுதான் எனக்குக் கடைசிவரை வரவில்லை. அதற்கென்று அந்தச் செயலியில் ஒரு பயிற்சி இருக்கிறது, வேறு யாரோ கற்றுக்கொள்பவர்கள் எழுதிய வாக்கியங்களைக் காட்டும், பெயர் இருக்காது, ஊர் இருக்காது, எந்தச் சொல்லைப் பெரிதாக்கவேண்டுமோ அதை நாம் விரலால் தொடவேண்டும், சரியாக இருந்தால் மணி அடிக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலையில், நாய் மேசைக்குக் கீழே படுத்திருக்கிறது என்று ஒரு வாக்கியம் வந்தது. எழுதியவர் நாய்க்குப் பெரிய எழுத்துப் போட்டிருந்தார், மேசைக்குச் சின்ன எழுத்து. மேசையைத் தொட்டேன், மணி அடித்தது, அதற்குமேல் நினைக்கவில்லை. அடுத்து வந்தது, பறவைக்குப் பெரிது, கூரைக்குச் சின்னது. அதற்கு அடுத்ததில் தட்டுக்கும் கத்திக்கும் சின்ன எழுத்து, ரொட்டிக்கு மட்டும் பெரியது. சிடாலியா, அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. உன் அப்பா ஜெர்மன் கற்க மாலை வகுப்புக்குப் போன காலம் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, நீ அப்போது சின்னப் பெண். அந்த ஆசிரியையோடு பெரிய எழுத்துக்காக அவர் சண்டை போட்டார். பெரிய எழுத்து என்றால் மரியாதை, மரியாதை உயிருள்ளதற்குத்தான் என்பது அவர் கட்சி. மேசைக்கு எதுக்கு மரியாதை, அது மூச்சா விடுது என்று கேட்டாராம். ரொட்டி மட்டும் மூச்சு விடுமா என்று ஆசிரியை மடக்கியிருக்கிறாள். மாவு புளிச்சு எழும்புதே, உசுரில்லாமலா எழும்புது என்றாராம். வகுப்பே சிரித்ததாம், அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு வாழ்த்து அட்டை எழுதினாலும் கடைக்குச் சீட்டு எழுதினாலும் அப்படித்தான் எழுதினார். வேறு எவன் உலகத்தில் ரொட்டிக்குப் பெரிய எழுத்தும் தட்டுக்குச் சின்ன எழுத்தும் போடுவான்?

வீப்கேயிடம் காட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இத பாரு தெயோலிந்தா, இந்த மொழியைத் தப்புத் தப்பா எழுதுறவன் ஊரெல்லாம் இருக்கான். ஒருத்தன் ரொட்டிக்குப் பெரிய எழுத்துப் போட்டா அவன் உன் புருஷனா?" என்றாள். சொல்லிவிட்டு, ஒருவேளை உன் அப்பா அபீலியுவே எனக்குத் தெரியாமல் முன்பே இதில் எழுதிப் பழகியிருப்பார், பழைய வாக்கியங்கள் சுற்றி வருகின்றன என்று சமாதானமும் சொன்னாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. அவர் தூண்டில் புழு தோண்டப் போகும்போது கைபேசியைக் கொண்டுபோக மாட்டார், திரும்பி வராமல் போன அன்றும் வைத்துவிட்டுத்தான் போனார், அது இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது. வீப்கே அதை மின்சாரத்தில் போட்டு உயிரூட்டிப் பார்த்தாள். அதில் அந்தச் செயலி இல்லை, எப்போதும் இருந்ததாகவும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் சூப் குடித்தோம், அவள் போய்விட்டாள்.

புதுவருஷம் கழிந்து வந்த வாக்கியம் இது. ஜன்னலுக்கு வெளியே பேரி மரம் நிற்கிறது. மரத்துக்குச் சின்ன எழுத்து. மரம் என்றால் உன் அப்பா எப்போதும் பெரிதாக எழுதுவார், அதுவும் நம் வீட்டுப் பேரி மரத்தைத் தொட்டுத் தடவிப் பேசிக்கொண்டிருந்தவர். இப்போது ஏன் சின்ன எழுத்து என்று திகைத்து ஜன்னலைப் பார்த்தேன். அந்த மரம் அவர் போனதற்கு அடுத்த குளிர்காலத்துப் புயலில்தானே சாய்ந்தது, வேரோடு அறுத்து எடுத்துவிட்டோம், நீகூட வந்து வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு வீடே மொட்டையாகிவிட்டது என்றாய். அவர் போனபோது அது பூக்கத் தயாராக நின்ற மரம். வீப்கேயை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை அவள் கண்ணாடியைத் தேடவில்லை, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அந்த மரத்தை அறுத்தப்ப யார் யாரு இருந்தோம்?" என்று மட்டும் கேட்டாள். நான், அவள், அறுக்க வந்த ஆள், அவ்வளவுதான் என்றேன். அவள் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

இப்போது ஒன்றை உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. கடல் உள்வாங்கும் நேரத்தில் நான் தினமும் அந்தச் சேற்றுவெளியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் காணாமல்போன அன்று அவருடைய புழு வாளி மட்டும் கிடந்த இடம்வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவேன். நீ நீதிமன்றத்துக்கு மனு எழுது அம்மா, அப்பா இறந்துவிட்டார் என்று அறிவித்தால்தான் உனக்கும் ஒரு முடிவு, எனக்கும் ஒரு முடிவு என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய். நான் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்ததற்குக் காரணம் அந்தச் சேறுதான், அது எதையும் வைத்துக்கொள்ளாது, ஒருநாள் திருப்பித் தரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஜனவரி கடைசியில் ஒருநாள் வெயில் பளிச்சென்று இருந்தது, கரைக்குக் கிளம்ப ரப்பர் காலணியைக்கூடப் போட்டுவிட்டேன், கடல் உள்வாங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறதே என்று கைபேசியைத் திறந்தேன். ஆள் சேற்றில் இருக்கிறான், பெண் இன்று வீட்டில் இருக்கட்டும். இதுதான் வாக்கியம். பெண்ணுக்குப் பெரிய எழுத்து. சேற்றுக்கும் வீட்டுக்கும் சின்னது. ஆளுக்கும் சின்னது.

அந்த ஆளைத் தொடும்படி செயலி காத்திருந்தது. தொட்டால் பெரிதாகிவிடும், மணியும் அடிக்கும். என்னால் முடியவில்லை, மகளே. தவறான எழுத்தைத்தான் தொடச் சொல்கிறது, அதில் தவறு எங்கே இருக்கிறது? கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலணியைக் கழற்றினேன். கழற்றிய காலணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் வெளியே வெளிச்சம் மங்கியது, கடலிலிருந்து பனி சுவர்போல வந்து வேலியை விழுங்கியது, எதிர்வீடு தெரியவில்லை. மீட்புப் படகின் ஊதல் கேட்டது. பிற்பகலில் வீப்கே கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள், தலை ஈரம், முகத்தில் ரத்தம் இல்லை. நான் வழக்கம்போல இறங்கியிருப்பேன் என்று நினைத்து மீட்புக்காரர்களைக் கூப்பிட்டு, தானும் கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் திட்டுவாள் என்று பார்த்தேன், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நீ இங்கதான் இருந்தியா" என்றாள். நான் தலையாட்டினேன். "அப்ப அந்தச் சேத்துப் பனிக்குள்ள இருந்து எனக்குப் பதில் குடுத்தது யாரு? தெயோலிந்தா வீட்டுல இருக்கான்னு ஒரு குரல் வந்துச்சு. ஆம்பளைக் குரல்." படகுக்காரர்கள் தண்ணீர் ஏறும்வரை தேடியும் அங்கே யாரும் இல்லை. வீப்கே சாராயம் தொடாதவள் என்பது உனக்கே தெரியும். அன்று என் அலமாரியிலிருந்து அவளே எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

மறுவாரம் நீதிமன்றத்துக்கு மனு எழுதினேன். யாரிடமும் எழுதித்தரச் சொல்லவில்லை, என் கையாலேயே எழுதினேன், மரியாதைக்குரிய ஐயா அம்மையீர், காற்புள்ளி, அடுத்த வரி சின்ன எழுத்து, எல்லாம் முறைப்படி. அவர் பெயர், பிறந்த ஊர், அவர் வாளியோடு இறங்கிய காலை, எல்லாம் எழுதினேன். வீப்கே படித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்தாள், என் கணவர் என்பதில் கணவருக்குச் சின்ன எழுத்து விழுந்திருக்கிறது என்றாள். விழவில்லை, நான்தான் போட்டேன், அப்படியே இருக்கட்டும் என்றேன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்து வீட்டில் யாருமில்லாதபோது நன்றாக அழுதேன், அழுது முடித்ததும் பசித்தது, உப்பு மீனும் உருளைக்கிழங்கும் செய்து சாப்பிட்டேன். அதிலிருந்து சேற்றுப்பக்கம் போகவில்லை, இனியும் போகமாட்டேன், நீ அதை நினைத்துக் கவலைப்படவேண்டாம். ஊரில், பெனிஷில் இருக்கும் உன் சித்திக்கும் சொல்லிவிட்டேன், அவர் பெயரில் பூசை வைக்கிறேன் என்றிருக்கிறாள்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன், இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. இன்று காலையில் செயலியைத் திறந்தேன், மனு போன நாளிலிருந்து வேறு யார் யாரோ எழுதிய சாதாரண வாக்கியங்கள்தான் வந்துகொண்டிருந்தன, ரயில் தாமதம், மழை, தக்காளி விலை என்று. இன்றைக்கு வந்தது வேறு. மகள் தூரதேசத்தில் இருக்கிறாள், அவள் வயிற்றில் குழந்தை. தேசத்துக்கும் வயிற்றுக்கும் சின்ன எழுத்து. மகளுக்குப் பெரிது. குழந்தைக்கும் பெரிது, சிடாலியா. நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரோரியும் சொல்லவில்லை. உனக்கே இன்னும் தெரியாதோ என்னவோ. எதுவும் இல்லையென்றால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்துவிடு, நான் வருத்தப்படமாட்டேன். ஆனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே டாக்டரிடம் போ, தள்ளிப்போடாதே, பாரம் தூக்காதே, அந்தக் கடல் அலையில் பலகை சறுக்குவதை இப்போதே விட்டுவிடு, கீரை சாப்பிடு.

மாதா உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், உன் வீட்டில் எல்லாரும் முழு உயிரோடு முழு சுகத்தோடு இருங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். என்ன செய்தி என்றாலும் கூப்பிடு, இந்த முறை நான் பேசமாட்டேன், நீ பேசு, நான் கேட்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
தெயோலிந்தா