வெட்டாத துணி

என் வீட்டுக்காரிக்கு,

எனக்குச் சளி பிடித்திருப்பதால் வார்டுக்குள் விட மாட்டேன் என்கிறார்கள். அதனால் இந்தக் கடிதத்தைப் புது நைட்டிக்குள் மடித்து நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கல்லீரல் மாற்றி மூன்று மாதம் கழித்துப் பித்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்று யார் கண்டார்கள்? பித்தம் வடிக்க உன் வலது விலாவில் போட்ட குழாயின் பையைச் செருகிக்கொள்ள, போன வாரம் நைட்டியில் பாக்கெட் வைத்துத் தந்தேன். எதிரே நின்று அளவெடுத்தே பழகிய புத்தி, என் வலப்பக்கம் பார்த்து உனக்கு இடப்பக்கத்தில் தைத்துவிட்டது. முப்பது வருஷத் தையற்காரன்!

நீயோ குழாயை வயிற்றின் குறுக்கே இழுத்துவிட்டு, நான் வரும்போதெல்லாம் போர்வையால் மூடிக்கொண்டிருக்கிறாய். "அவரு ஆசையா தைச்சது, சொல்லிடாதீங்க" என்றாயாமே, நர்ஸ் நேற்றுச் சொன்னார். இனிமேல் வலித்தால் திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

இது சரியான பக்கம்.

"எல்லா ஜாக்கெட்டும் தொளதொளன்னு ஆயிடுச்சு, பிடிச்சுட்டு மிச்சத்த வெட்டிடுங்க, இனிமே நான் இவ்வளவுதான்" என்றாயே. பிடித்துவிட்டேன். வெட்டவில்லை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிட்டிருக்கிறேன். நீ வந்து உடம்பு தேறினால் தையலைப் பிரித்துவிட்டால் போதும்.

உன் தையற்காரன்