சுமுஜி சாகும் காட்சி

சுகினாமி, தோக்கியோ
ஏப்ரல் 9

அன்புள்ள தமாகி,

இங்கே செர்ரிப் பூ உதிர்ந்துவிட்டது. வடக்கே ஒபிஹிரோவில் நீ இன்னும் பனியை வாரிக்கொண்டிருப்பாய். இடுப்பைப் பார்த்துக்கொள்.

வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நான் படம் வரையும் புது அனிமே கார்ட்டூன் தொடர் இந்த வாரம் தொலைக்காட்சியில் தொடங்கிவிட்டது. நாயகி சுமுஜி, துடைப்பத்தில் பறக்கும் சூனியக்காரி. போருக்குப் போகும் இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுத்தர ராணுவம் அவளை வைத்திருக்கிறது. இடுப்பில் கையை ஊன்றி, ஒரு கண்ணைச் சுருக்கி வானத்தை முறைப்பாள். அது நீதான். விமானப்படையில் அத்தனை வருஷம் பயிற்சி கொடுத்த சிநேகிதி இருக்கும்போது வேறு யாரைப் பார்த்து வரைவேன்? கேட்டிருந்தால் மறுத்திருப்பாய், அதனால் கேட்கவில்லை.

உன் சிகுசா


ஒபிஹிரோ
மே 6

சிகுசா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். கூட்டுறவுக் கடைக்குள் நுழைந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இவாதாதே, "அட, சுமுஜி வந்துட்டாங்க! துடைப்பத்த வெளியில நிறுத்திட்டீங்களா?" என்கிறார். "நிறுத்திட்டேன். வேணும்னா எடுத்துக்கிட்டுப் போய் உங்க வாசலப் பெருக்குங்க, சகிக்கல," என்றேன். கடையே சிரித்தது.

ஒரு வாரம்கூட விடாமல் பார்க்கிறேன். எதிர்காற்றில் அவள் தோளை இறக்குகிறாளே, அந்த அழகை எங்கேயடி பிடித்தாய்? ஆனால் ஒன்று அபத்தம். பிள்ளைகள் மேலே தடுமாறும்போது கத்துகிறாள். வானத்தில் கத்தக்கூடாது. கத்தினால் ஓட்டுகிற பிள்ளையின் பிடி இறுகிவிடும். விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது. "சரி, மெதுவா. மூக்கத் தாழ்த்து. நான் இங்கதான் இருக்கேன்." இவ்வளவுதான் சொல்லவேண்டும். கத்துவதெல்லாம் இறங்கிய பிறகு, காது கிழிய.

தமாகி


சுகினாமி
ஜூன் 11

அன்புள்ள தமாகி,

நீ எழுதியதை இயக்குநர் குராமோச்சியிடம் காட்டினேன். காட்சியை மாற்றிவிட்டார். சுமுஜிக்குக் குரல் கொடுக்கும் அம்மா, "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்னதை ஒலிப்பதிவு அறையில் எல்லோரும் இன்னொரு முறை போட்டுக் கேட்டார்கள். இப்போது சுமுஜி போல் கண்ணைச் சுருக்காத பிள்ளை ஊரில் இல்லை.

கடைசிப் பாகமும் முடிவாகிவிட்டது. புயலுக்குள் எதிரி வருகிறான். மாணவர்களைக் காப்பாற்ற சுமுஜி குறுக்கே பாய்ந்து உயிரைவிடுகிறாள். "செத்தாதாங்க ஜனங்க மறக்கமாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே குராமோச்சி அழுதுவிட்டார். அந்தக் காட்சியை நான்தான் வரையப்போகிறேன்.

உன் சிகுசா


ஒபிஹிரோ
ஜூன் 16

சிகுசா,

நான் ஏன் வேலையை விட்டேன் என்று நீ கேட்டதில்லை. இப்போது கேள்.

மிஹாரா என்று ஒரு மாணவி. கடல்மேல் மூடுபனி இறங்கிய ஒரு பயிற்சி நாளில் அவள் மட்டும் பாதியிலேயே திரும்பிவிட்டாள். மற்றவர்கள் போய்வந்து அவளைப் பயந்தாங்கொள்ளிக் கோழி என்று கொக்கரித்தார்கள். எல்லோரையும் நிற்கவைத்து, "இன்னிக்கு ஒழுங்கா பறந்தது இவ ஒருத்திதான். மத்தவங்க தப்பிச்சு வந்திருக்கீங்க, அவ்வளவுதான்," என்றேன். அவளைத் தோல்வி என்று எழுதச் சொன்னார் தளபதி. மாட்டேன் என்றேன். என்னை மேசை வேலைக்குத் தள்ளினார்கள், வேலையை விட்டு வந்துவிட்டேன். அவள் இன்று மீட்பு விமானம் ஓட்டுகிறாள். எத்தனையோ மீனவர்கள் அவளால் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

சாகிற ஆசிரியையிடம் அந்தப் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? சாகத்தான். என் முகத்தை வைத்து அதைச் சொல்லித்தராதே. வரைந்தால் இனி எனக்கு எழுதவேண்டாம்.

தமாகி


சுகினாமி
ஜூலை 3

தமாகி,

கூட்டத்தில் உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். கடைசியில் குராமோச்சி, "கடைசிப் பாகத்தோட அறிவிப்பு போயாச்சு. உங்க சிநேகிதிக்காக கதைய மாத்த முடியுமா?" என்றார். "அப்ப நான் வரையமாட்டேன்," என்றேன். பென்சில்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வேறொருவர் வரைகிறாராம். எப்படி முடிப்பார்களோ, என் கையில் இல்லை. நீ சொன்னதை ஒருமுறையாவது ஒழுங்காகக் கேட்டேன் என்ற நிம்மதி மட்டும் இருக்கிறது.

சிகுசா


ஒபிஹிரோ
செப்டம்பர் 27

என் அன்புச் சிகுசா,

இத்தனை நாள் பதில் போடாதது பிடிவாதம்தான். முடிவைப் பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

நேற்றுப் பார்த்தேன். புயல் கறுத்து வருகிறது. சுமுஜி மாணவர்களின் முன்னால் போய் நிற்கிறாள். இதோ சாகப்போகிறாள் என்று நான் தொலைக்காட்சியை அணைக்கக் கை நீட்டினேன். அவள் கத்தவில்லை. "எல்லாரும் திரும்புங்க. நான் கடைசியா வரேன்," என்கிறாள். ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். கடைசியில் அவளும், நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி. தளபதி திட்டுகிறார்; அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். அந்த அலட்சியம் என்னுடையது இல்லை, எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அவளைப் பார்த்து மலைத்துப்போனேன். நீ வெளியே வந்த பிறகு குராமோச்சி முடிவை மாற்றியிருக்கிறார்.

முடிந்ததும் மிஹாரா ஃபோன் செய்தாள். "திரும்பி வந்துட்டாங்கல்ல, டீச்சர்," என்றாள்.

இறுதியில் ஓடிய பெயர்களில் உன் பெயரைத் தேடினேன். இல்லை. வேலையும் இல்லாமல் அந்த ஊரில் தனியாக என்ன செய்கிறாய்? கிளம்பி வா. விமான நிலையத்தில் நிற்கிறேன்.

வானிலை மோசமென்று சொன்னால் ஏறாதே. அடுத்த விமானத்தில் வா. காத்திருப்பேன்.

உன் தமாகி