மாதுளம்பழ மெழுகுவர்த்தி

மார்ச் 4

என் அருமை வாயாடிக்கு,

நலம்தானே? நான் இங்கே நலம். ஆயுசு முழுக்க லேத் பட்டறையில் நின்ற காது. ஃபோனில் நீ பேசினால் இரைச்சல்தான் கேட்கிறது. அதனால்தான் கடிதம். சலித்துக்கொள்ளாதே.

ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மெழுகுவர்த்தி செய்யப் பழகிக்கொண்டேன். நல்ல பாத்திரங்கள் சில பாழ், திட்டாதே. உன் ஆபீஸில் பரிசாகக் கொடுக்க ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஆந்தை, பக்கத்து சீட் பெண்ணுக்கு. வெடித்த மாதுளம்பழம், உன் மேனேஜருக்கு. அதன் முத்துகளைச் சிவப்பு மெழுகில் ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டினேன். அப்பா செய்தது என்று சொல்லிக் கொடு. யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

அன்புடன்,
அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. ஆபீஸே அமர்க்களம்! ஆந்தைக்குப் பெரிய சண்டை. மேனேஜர் மாதுளம்பழத்தை அன்றைக்கே வீட்டில் ஏற்றினாராம். "வீடே மணக்குதும்மா, உங்கப்பா கையில என்னவோ இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி இப்படிச் சிரமப்படாதீர்கள் அப்பா. அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருந்தால் கண் என்னாவது? வேலை பெண்டு நிமிர்த்துகிறது. சீக்கிரம் வரப் பார்க்கிறேன்.

உங்கள்
வாயாடி

மார்ச் 24

மகளே,

உன் கடிதத்தை மாடி வீட்டுத் தையற்காரரிடம் படித்துக் காட்டினேன். நான் கத்திப் படித்ததில் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஏங்க, மாதுளம்பழத்துக்குத் திரியே கோக்கலைன்னு அன்னிக்குத் தலையில அடிச்சுக்கிட்டீங்களே? அதுக்குள்ள பார்சல் போயிருச்சுன்னு! திரி இல்லாம எப்படிங்க எரிஞ்சுது?"

அச்சில் கம்பியை நிறுத்தி மெழுகை ஊற்றி, ஆறியதும் கம்பியை உருவிவிட்டு, அந்த ஓட்டையில் திரியைக் கோக்க வேண்டும். உருவினேன், கோக்க மறந்தேன். உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கோபமில்லை அம்மா. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நீ பொய் சொல்ல வேண்டிய அளவுக்கா அவை அசிங்கமாக இருந்தன? எங்கே போட்டாய் என்று மட்டும் சொல்.

அப்பா

ஏப்ரல் 2

அப்பா,

எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. பெட்டியை ஆபீஸில்தான் பிரித்தேன். பக்கத்து சீட் பெண் ஆந்தையை எடுத்து, "ஐயோ, இது என்ன, பூனையா? சின்னப் பசங்க செஞ்சதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆமா, பக்கத்து வீட்டுப் பசங்க குடுத்தாங்க" என்றேன். 'எங்கப்பா' என்ற வார்த்தை வாயில் வரவில்லை. பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

உங்கள் மெழுகுவர்த்தியில் ஒரு குறையும் இல்லை அப்பா. நான்தான் கேவலமாக நடந்துகொண்டேன்.

நேற்று மாதுளம்பழத்தை மேனேஜரிடம் கொண்டுபோய், "எங்கப்பா செஞ்சது" என்றேன். "அப்படியா, அங்க வைம்மா" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பயந்தா உங்களை மறைத்தேன்? நன்றாகத் திட்டி எழுதுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 14

மகளே,

உன் கடிதத்தைப் படித்தேன். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்தான். ஆந்தை விஷயத்தில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

இதற்கிடையில் தையற்காரர் மறுபடியும் கிளறினார். "எம் பொண்ணு கெட்டிக்காரி, கடையில திரி வாங்கிக் கோத்துத்தான் குடுத்திருக்கா" என்றேன். வாய் கூசாமல் வந்துவிட்டது. "உங்களுக்கேத்த பொண்ணு" என்று சந்தோஷப்பட்டார். அதிலிருந்து அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு என்னவோ போலிருக்கிறது. இந்த வயதில், சட்டைக்குப் பட்டன் தைத்துத் தருகிற மனிதரைக் கண்டு ஒதுங்கிப் போகிறேன். நீயும் இத்தனை நாள் இப்படித்தான் இருந்திருப்பாய்.

அடுத்த வாரம் வா. உன்னைப் பார்க்க வேண்டும். வாசலிலேயே அவர் உன்னைப் பிடித்துக்கொண்டு திரியைப் பற்றிக் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடு. அந்தப் பொய்யோடு நாம் இரண்டு பேரும் நிறுத்திக்கொள்வோம்.

அப்பா