அரங்கு நிறைந்தது

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். பின்பாதி உண்மை. முன்பாதியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அதனால் இதை வேலைக்கு நடுவில் படிக்காதீர்கள். ஓய்வு நாளில், ஒரு தேநீர் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போனைப் பாதியில் குட்டி பிடுங்கிக்கொள்கிறாள். கிடைக்கிற பாதியில் நான் சிரித்துவிடுகிறேன். உங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே பேச வருகிறது. இத்தனை வருடமாக எனக்கு ஒரு வேடம்கூடத் தராதது நம் இயக்குநருக்குத்தான் நஷ்டம்.

போன வாரம் நீங்கள் கேட்டது என் காதிலேயே நிற்கிறது. அங்கே நீங்கள் விளக்குப் போடுகிற பெரிய அரங்கத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்கு உங்களை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடட்டுமா என்றீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் நேராக அங்கே போய் நிற்க எனக்குத் தெரியவில்லை, முதலில் நாடகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாடகக் குழுவின் நிலைமை நீங்கள் கிளம்பியபோது இருந்ததைவிட மோசமாகிவிட்டிருந்தது. லாப நோக்கமற்ற குழு என்று பதிவு செய்த அன்று, "லாபத்துக்கும் நம்ம மேல ஒரு நோக்கமும் இல்ல" என்று நீங்கள் சொன்னீர்களே, அது லாபத்தோடு நிற்கவில்லை, ஜனங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. விளம்பரம் என் தலையில் விழுந்த பிறகு நான் செய்யாதது எதுவுமில்லை. துண்டு நோட்டீஸ் அடித்து பஸ் நிறுத்தத்தில் நின்று நீட்டினேன். வாங்கினவர்கள் அதை மடித்து விசிறிக்கொண்டார்கள். வாட்ஸப்பில் தெரிந்தவர், தெரியாதவர், என்றைக்கோ தப்பான எண்ணுக்கு அழைத்தவர் வரை எல்லாருக்கும் அனுப்பினேன். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. விரல்கள் வந்தனவே தவிர ஆட்கள் வரவில்லை.

நாடகம் முடிந்ததும் வாசலில் நின்று, எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். ஒருவர் ராஜா வேடம் போடுபவரின் மச்சான். இன்னொருவர் அந்த மச்சானுடைய அண்ணி. கடைசியில் ஒருத்தர் பாக்கி இருந்தார், அவர்தான் வேற்று ஆள் என்று ஆசையாகக் கேட்டால், அண்ணியை வண்டியில் கூட்டிப்போக வந்தவராம். நடிகர்கள் கூடினால் பார்வையாளர்களும் கூடுகிறார்கள் என்று நம் இயக்குநர் இடி கண்டுபிடித்தார். (அவருக்கு நாம் வைத்த பேரை நான் இன்னும் மாற்றவில்லை, அவரும் குரலை மாற்றவில்லை.) அடுத்த நாடகத்தில் பெரிதாக ஒரு போர்க்களம் வைத்துவிடலாமா என்றார். கிண்டல் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இவ்வளவுக்கும் கீழே, நம் மாடி அரங்கத்துக்குப் படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் உங்கள் பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சிவப்பு எழுத்தில், நிழல் கொடுத்து, 'அரங்கு நிறைந்தது' என்று நீங்கள் எழுதினது. ஒரு தடவை மாட்டினோம், அப்புறம் கழற்றவே இல்லை. கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டம் வரும் என்று சொல்லிக்கொண்டோம். உங்கள் புகைப்பட வித்தையையும் விடவில்லை. வந்திருக்கிற நாலு பேரை முன் வரிசையில் ஒரே மூலைக்கு நகர்த்தி, அவர்கள் மேல் மட்டும் விளக்கைப் போட்டு, பின்னால் காலியாகக் கிடக்கிற நாற்காலிகளை இருட்டில் விட்டுவிட்டு மேடை ஓரத்திலிருந்து எடுப்பீர்களே, அதை என் தம்பி அப்படியே கற்றுக்கொண்டான். விளக்குப் போடுவதை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு நாடகத்தில் ராஜா சாவதற்கு முன்பே அவர் முகத்தை இருட்டாக்கிவிட்டான். மனிதர் இருட்டிலேயே வசனம் பேசிச் செத்தார்.

படிக்கட்டுக்குப் பக்கத்திலிருக்கிற தையற்கடை அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். நம் ராஜா உடையெல்லாம் அவர் தைத்துக் கொடுத்ததுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால், இடுப்பில் பிடித்துத் தரக் கொடுத்திருந்த அங்கியை வாங்கப் போனேன். தைப்பதோடு சரி, ஒருநாளும் மேலே வந்து பார்த்ததில்லையே அக்கா என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் கூச்சப்பட்டார். அப்புறம் சொன்னார்.

"எப்பப் பார்த்தாலும் ஹவுஸ்ஃபுல்லுன்னு போர்டு தொங்குது. தெரிஞ்சவங்களுக்கே இடம் பத்தாது போல, நாம வேற போயி எதுக்கு இடைஞ்சலா நிக்கணும்னு விட்டுட்டேன்."

ஒரு தடவை தங்கையையும் கூட்டிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு படிக்கட்டு வரை வந்தாராம். பலகையைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் திரும்பிவிட்டார்களாம். அது எந்த நாடகம் என்று கேட்டேன். அவர் தைத்த பச்சை அங்கியை வைத்துச் சொன்னார். அன்றைக்கு மேலே இருந்தவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றியிருக்கலாம். நான் வாசலில் நின்று, யாராவது படியேறுகிற சத்தம் கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கீழே இரண்டு பேர் நல்ல புடவையில் வந்து நின்று திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அங்கியைப் பிரித்துத் தையலைப் பார்க்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்புறம் மருந்துக்கடை, செருப்புக்கடை, ஜெராக்ஸ் கடை என்று தெரு முழுக்கப் போய்க் கேட்டேன். வார்த்தைதான் வேறு, பதில் ஒன்றுதான். உங்களுக்கென்ன, எப்போதும் கூட்டம் என்றார்கள். நம் வாயாலேயே ஊரை வழியனுப்பி வைத்துவிட்டு, ஊர் வரவில்லை என்று ஊரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பலகையைக் கழற்றினேன். இடி இடித்தார். நம் மானத்தை நாமே வாங்குவதா, காலி நாற்காலியை ஊருக்குக் காட்டினால் இருக்கிற மச்சான்களும் வரமாட்டார்கள் என்றார். இந்த ஒரு நாடகத்துக்கு என் இஷ்டப்படி விடுங்கள், மூக்கு உடைந்தால் என் மூக்கு என்றேன். பகலில் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, காலி நாற்காலிகளைப் படம் எடுத்தேன். இருட்டில் ஒளித்து வைத்திருந்த பின்வரிசைகள், கால் உடைந்து கயிற்றால் கட்டினது, எல்லாம் தெரிந்தன. அந்தப் படத்தை நோட்டீஸாக அடித்து, கீழே பெரிதாக, 'இந்த இடம் காலியாக இருக்கிறது. வாருங்கள்' என்று மட்டும் போட்டேன். ஒவ்வொரு கடைக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரோ வருவார்கள் என்று பொதுவாக நீட்டாமல், அவரவர் கையில் கொடுத்து, உங்களுக்குத்தான் என்று சொன்னேன். இத்தனை வருடம் ஒரே தெருவில் இருந்தும் அவர்களை ஒருதரம்கூட வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

போன சனிக்கிழமை நாடகம். அரங்கம் நிறையவில்லை. பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் யாரும் யாருக்கும் மச்சான் இல்லை. செருப்புக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். தையற்கடை அக்கா நம் நோட்டீஸை முழுசாக நம்பாமல், கடையிலிருந்து தன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு படியேறினார். எதற்கும் இருக்கட்டும் என்றாராம் தங்கையிடம். சொந்தக்காரர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பார்கள். இவர்கள் நாம் நினைத்தே பார்க்காத இடத்தில் சிரித்தார்கள், ராணி பேசும்போது மூச்சுவிடாமல் கேட்டார்கள். இடி திரைக்குப் பின்னால் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேளு, கேளு" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு அவசரம். விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உங்கள் உயர முக்காலியில் என் தம்பி உட்கார்ந்திருந்தான்.

இதுவரை எழுதிவிட்டு முந்தாநாள் மூடி வைத்துவிட்டேன். குட்டிக்கு ஜலதோஷம், பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது தேவலை. உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில் திரிகிறாள். முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்த சட்டை இப்போது முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது.

நேற்று, அக்கா மேலேயே விட்டுப்போன முக்காலியைத் திருப்பிக் கொடுக்கத் தையற்கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று அக்கா கேட்டார். அங்கே நல்ல வேலை, பெரிய அரங்கம், இங்கே நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம், ஒரு குறையும் இல்லை என்றேன். மூன்று வருடமாகக் கேட்கிற எல்லாருக்கும் இதைத்தான் ஒப்பிக்கிறேன். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

"அப்புறம் அவர் ஏம்மா வரப்போறார்?"

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

என்னங்க, நான் உங்களுக்கு அனுப்பின படங்களை எல்லாம் நேற்று எடுத்துப் பார்த்தேன். குட்டி சிரிக்கிறாள். நான் சிரிக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் நானும் அவளும் தம்பியும் ஒரே பக்கமாக நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் நாற்காலி எந்தப் படத்திலும் இல்லை. அது வராதபடி பார்த்துத்தான் எடுத்திருக்கிறேன், நீங்கள் பார்த்து வருத்தப்படக் கூடாது என்று. நீங்களும் அப்படித்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அனுப்புகிற படங்களில் அரங்கமும் விளக்குகளும்தான் இருக்கின்றன. நீங்கள் தூங்குகிற அறையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

படத்தில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் உங்கள் பக்கத்தில் துவைத்த துணிகளைக் குவித்து வைத்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன். மடிக்க நேரமில்லை என்று குட்டியிடம் சொல்வேன். அந்தப் பக்கம் காலியாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். இன்று எல்லாவற்றையும் மடித்து அலமாரியில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் வந்தால் அங்கே இருப்பதுபோல் இருக்காது. பகலெல்லாம் கடைகடையாக வயரிங் வேலை, மாலையில் பாதி விளக்கு எரியாத நம் அரங்கம், தலைக்கு மேல் இடி. நம் வீட்டில் பணத்துக்கு நெருக்கடி கூடும். அதை இருட்டில் விட்டுவிட்டு உங்களைக் கூப்பிட எனக்கு மனசில்லை. வெளிச்சத்தில் வைத்தே சொல்கிறேன், கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் இஷ்டம் என்று நான் சொன்னது பொய். எனக்கும் ஒரு இஷ்டம் இருக்கிறது. நீங்கள் இங்கே இருக்க வேண்டும்.

இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். கடைகளுக்குக் கொடுத்தது இல்லை, இது ஒன்றே ஒன்றுதான் அடித்தேன். படத்தில் சாப்பாட்டு மேஜையும் உங்கள் நாற்காலியும் இருக்கின்றன. முதுகில் சட்டை மாட்டி மாட்டித் தேய்ந்த இடம்கூடத் தெரியும். கீழே அதே வாசகம்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏணியில் ஏறும்போது கவனமாக ஏறுங்கள், எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இந்த இடம் காலியாக இருக்கிறது. வாருங்கள்.

இப்படிக்கு,
படிச் சத்தத்துக்குக் காது கொடுத்து
வாசலில் நிற்கும்
உங்கள் மனைவி