மாடிப்படி கேட்டின் கொக்கி

என்னங்க,

பாப்பா எழுந்ததும் ரூமை விட்டு வெளியே விடாதீங்க. மாடிப்படி கேட்டைக் கயித்தால கட்டியிருக்கேன், அவுக்காதீங்க. பால் ஃபிளாஸ்க்ல இருக்கு.

"நாலு ஸ்டார் பாதுகாப்பு ரேட்டிங் பார்த்துதானே கேட்டை வாங்கினேன், உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்"னு நேத்து கத்தினீங்க. உங்க மேல தப்பில்ல.

லேபுக்குச் சீக்கிரமே போறேன். மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு, வேற கேட் வாங்கிட்டு வரேன்.

பி.கு: எங்க லேப்ல சோதிச்சு அந்த ஸ்டாரைப் போட்டதே நான்தான். கேட் கொக்கியை ஆயிரம் தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் போடணும். வீட்டுக்குக் கிளம்புற அவசரத்துல முந்நூறோட நிறுத்திட்டேன். நேத்து லேப்ல அதே மாடல் கேட்டை எடுத்து மறுபடி இழுத்தேன். நானூறு தாண்டினதும் கொக்கி கையோட வந்துடுச்சு.

பாப்பா இதுவரைக்கும் எத்தனை தடவை இழுத்திருப்பா?