கரைமேல் நின்ற வில்லோ மரம்

மார்ச் 9
மாநில அணைப் பிரிவிலிருந்து கடிதம். நாற்பது வருடமாக எங்கள் குளக்கரையை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ‘அதிக அபாயம்’ என்கிறார்கள். கரை அதே கரைதான். கீழே என் மகள் டார்லா வீடு கட்டியிருக்கிறாள், அதுதான் மாற்றம். கரை உடைந்தால் உயிர் போகும் இடமாம். அந்த மனையை அவள் கல்யாணத்துக்குக் கொடுத்தவளே நான்தான்.

மார்ச் 17
ஆய்வாளர் ஹாபர்ட் வந்தார். எடுத்த எடுப்பில் கரைமேல் நிற்கும் வில்லோ மரத்தைக் காட்டினார். மூத்த பிள்ளை பிறந்து ஆறாம் நாள் போனான். அவனைப் புதைத்த வாரம் என் வீட்டுக்காரர் வெர்லின் நட்ட மரம். மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னார், பாவம்.

“மண்கரையில மரம் ஆகாதும்மா. வேர் போற வழியிலதான் தண்ணியும் போகும்” என்றார் ஹாபர்ட். கரைக்குக் கீழே கசிவு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முந்தின நாளே கரையடியில் ஊறிக் கிடந்த ஈரத்தின் மேல் வைக்கோல் உருளைகளை நகர்த்தி வைத்திருந்தேன்.

மார்ச் 18
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. வெர்லின் இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

ஏப்ரல் 6
மூன்று நாள் மழை. உருளையைத் தள்ளிப் பார்த்தேன். எப்போதும் தெளிவாகக் கசியும் தண்ணீர் இன்று கலங்கல். உள்ளே மண் கரைகிறது. டார்லா சன்னலிலிருந்து கையசைத்தாள், சோளரொட்டி சூடாக இருக்கிறதாம், வரச் சொன்னாள். என்னத்தச் சாப்பிடுறது? அவ தலைக்கு மேல தண்ணிய வச்சுக்கிட்டு நான் மரத்தக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன் —

ஹாபர்ட்டுக்குப் போன் செய்தேன். அன்றைக்கே கசிவு இருந்தது என்றும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. முதலில் மகளை வீட்டைவிட்டுக் கிளப்பச் சொன்னார்.

காரில் ஏறும்போது டார்லா கேட்டாள்: “தெரிஞ்சேவாம்மா இருந்தே?”
ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 9
குழாய் போட்டுத் தண்ணீரை இறக்குகிறார்கள். டார்லா போனை எடுக்கவில்லை.

மே 20
கரையை வெட்டித் திறந்தார்கள். மரமும் போயிற்று. வேரோரம் ஒரு துளை, என் கை முழங்கைவரை போனது.

ஜூன் 14
டார்லா வீடு திரும்பிப் பத்து நாளாகிறது. இத்தனை காலம் கரை மறைத்தது, இப்போது என் வாசலிலிருந்தே அவள் சமையலறைச் சன்னல் தெரிகிறது. திரை போட்டிருக்கிறாள்.