மேனேஜருக்கு மாத்திரை குடுத்தாச்சு

மார்ச் 4, செவ்வாய்

மேனேஜர் இன்று மூன்று பைகளைச் சோதனை போட்டார். காய்கறிப் பை, துணிப் பை, திரைச்சீலைக்கு அளவு சொல்ல வந்த அம்மாவின் கைப்பை. மூன்றாவதில் மூக்கை நுழைத்தபோது அந்த அம்மா போட்ட கூச்சலில் நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். எந்தப் பையும் தன் மூக்கு படாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு நாய் சட்டம் போட்டால், அதற்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

வயதாகிவிட்டது. இதயம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார், உடம்பில் நீர் கட்டாமல் இருக்க. வாழைப்பழத் துண்டுக்குள் புதைத்துக் கொடுத்தால் விழுங்குவார். வெறும் மாத்திரையை நீட்டினால், லஞ்சம் கொடுக்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இது என் வீட்டுக்காரரின் வேலை. காலையில் கிளம்பும் முன் ஃபிரிட்ஜ் மேலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார். இதை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை.

மற்றதெல்லாம்? பால்கனி வலை என்ன ஆச்சு என்று இன்றும் கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார். ஊரில் உள்ள ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்துக் கொடுக்கிற மனுஷன். சொந்த வீட்டுப் பால்கனி மொட்டையாக நிற்கிறது. குண்டூசி அந்தக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து புறாக்களோடு பேச்சுவார்த்தை நடத்துகிறாள். (வந்த முதல் நாளே என் குண்டூசிப் பெட்டியைக் கவிழ்த்த பூனை, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.) இரண்டாவது மாடி! நான் நாளைக்குப் பத்து தடவை தூக்கி உள்ளே விடுகிறேன். அவளுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 5, புதன்

விழுந்துட்டா.

சொன்னேனே. படிச்சுப் படிச்சு சொன்னேனே. புறா பறந்தது, இவளும் கூடவே பறக்கலாம்னு நெனச்சுட்டா போல. கீழ்க் கடையின் தார்ப்பாய் மேல் விழுந்து, அங்கிருந்து தரைக்கு. நான் படியில் எப்படி இறங்கினேன் என்றே நினைவில்லை. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை.

எலும்பு முறியவில்லை. தாடையில் கிழிசல், முன்னங்கால் சுளுக்கு. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார் டாக்டரம்மா. "தார்ப்பாய் இல்லேன்னா வேற மாதிரி ஆகியிருக்கும்மா. மொதல்ல வலையைப் போடுங்க" என்றார். நான் வலைக்காரரின் மனைவி என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவர் வந்ததும் ஆரம்பித்தேன்.

"இவ செத்திருந்தா உங்களாலதான்!"

"ஊருக்கெல்லாம் கர்ட்டன் தைக்கிறியே, நம்ம ரூம் ஜன்னல்ல பழைய போர்வை தொங்குதே, அது யாரால?"

"போர்வையிலேருந்து யாரும் விழுந்து சாகல!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே உங்ககிட்ட பேசினா என்னை ஏன்னு கேளுங்க" என்றேன்.

"ரொம்ப நல்லது" என்றார்.

மார்ச் 6, வியாழன்

பேசவில்லை. இரண்டு பேருமே.

மார்ச் 7, வெள்ளி

பேச்சுவார்த்தை இப்போது மேனேஜர் மூலமாக.

"மேனேஜர், என் அளவு டேப் எங்கேன்னு உங்கம்மாவைக் கேளு."

"மேனேஜர், அது அவர் பாக்கெட்லயேதான் இருக்குன்னு சொல்லு."

பாவம், பந்தாட்டம் பார்க்கிறவர் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டார்.

மத்தியானம் இன்னொரு கூத்து. மாத்திரை அட்டை தரையில் கிடக்கிறது, குண்டூசி புனலும் தானுமாக அதைத் தள்ளிக்கொண்டு போகிறாள். நொண்டிக் காலோடு ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிட்டாளா, மின்விசிறிக் காற்றில் அட்டை விழுந்ததா தெரியவில்லை. ஓரத்தில் பல் பட்ட அடையாளம். நல்லவேளை, மாத்திரை எதுவும் வெளியே வரவில்லை. நாய் மாத்திரை பூனை வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்! அட்டையை எடுத்துத் தையல் மெஷின் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். நூல்கண்டுகளையும் அங்கேதான் வைத்திருக்கிறேன், அவள் நூலை விழுங்கிவிடக் கூடாதென்று.

அவரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது, பேசுவதில்லையே? காலையில் தேடுவார். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 8, சனி

தேடினார். ஃபிரிட்ஜ் மேலே கையால் துழாவினார், பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. மேனேஜர் மூலமாகக்கூடக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவு வீம்பு! என் மேல கோபம்னா இந்த வாயில்லா ஜீவன் என்ன பண்ணிச்சு? சரி, இனிமேல் நானே கொடுத்துக்கொள்கிறேன். அவர் போனதும் கொடுத்தேன்.

சாயங்காலம் அவரும் மேனேஜரும் நடந்துவிட்டு வந்தார்கள். மேனேஜர் வாயில் வாழைப்பழ வாசனை. கொஞ்சிப் பேசி யாரோ கொடுத்திருப்பார்கள். நடைபாதையில் இவருக்கு ரசிகர்கள் அதிகம்.

மார்ச் 10, திங்கள்

தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி நிரப்பி எனக்குக் கை வலிக்கிறது. குடித்துக்கொண்டே இருக்கிறார். போய்க்கொண்டும் இருக்கிறார். வாசலில், கூடத்தில், கடைசியாக அந்தக் கைப்பை அம்மாவின் வெண்ணெய் நிறத் துணியின் மேல். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி அந்தத் துணி எனக்குத்தான்.

திட்ட வாயெடுத்தேன். காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்துத் திட்டவில்லை. இத்தனை வருஷத்தில் வீட்டுக்குள் ஒரு தடவை செய்ததில்லை.

மார்ச் 12, புதன்

விடிந்து எழுந்தால் வீட்டுக்காரர் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலப் பல் துலக்கப் போய்விட்டார்.

மேனேஜர் பாதிச் சோற்றை வைத்துவிட்டார். பின்னங்கால் தள்ளாடுகிறது. இன்று வீட்டுக்கு வந்த பைகளை எழுந்துகூடப் பார்க்கவில்லை. இதய நோய் முற்றிவிட்டதோ? மாத்திரையை நான் ஒரு நாள் தவறாமல் கொடுக்கிறேனே!

மகளுக்குப் போன் செய்தேன். "அப்பாகிட்ட சொல்லு, சனிக்கிழமை நாயை டாக்டர்கிட்ட காட்டணும்னு."

"நீயே சொல்லும்மா. நான் என்ன தபால்காரியா? பக்கத்து ரூம்ல இருக்கறவருக்கு வேற ஊர்லேருந்து நான் சேதி சொல்லணுமா?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பா நேத்து எனக்குப் போன் பண்ணாரு. இந்த மாதிரி நாயெல்லாம் எத்தனை வருஷம் இருக்கும்னு கேட்டாரு" என்றாள்.

என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் அழுதிருப்பேன் என்று தெரியும் அவருக்கு.

மார்ச் 14, வெள்ளி

விழுந்துட்டார். தண்ணிக் கிண்ணத்துகிட்ட போனவர் அப்படியே கால் மடிஞ்சு — கண்ணு திறந்துதான் இருந்துது. கூப்பிட்டா வால் மட்டும் ஒரு தடவை அசைஞ்சுது. என்னால தூக்க முடியல. என்னைவிடக் கொஞ்சம்தான் எடை கம்மி.

போன் பண்ணேன். "மேனேஜர்... வாங்க" — அவ்வளவுதான் வந்துது வாயில. "வர்றேன், வர்றேன், நீ பக்கத்துலயே இரு" என்றார். வந்துட்டார். ஏணியோட பாதி வேலையை விட்டுட்டு வந்துட்டார். போர்வையில் வைத்து ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். அதே ஜன்னல் போர்வைதான். கைக்கு வந்தது அது.

மார்ச் 15, சனி

நேற்று மீதியை எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் நீரே இல்லையாம், வற்றிப்போயிருக்கிறதாம். "மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"குடுக்கறேனே" என்றேன்.

"நான்தானே குடுக்கறேன்" என்றார் இவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எப்போ குடுக்கறீங்க?"

"காலையில, இவர் போனதும்."

"சாயங்காலம், நடக்கக் கூட்டிட்டுப் போறப்போ."

நான் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்தார். பழையதைக் காணோம் என்றதும் புதிதாக வாங்கியிருக்கிறார். கூடவே தினம் ஒரு வாழைப்பழமும். நான் கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று அவர் நினைப்பு. அவர் கோபத்தில் நிறுத்திவிட்டார் என்று என் நினைப்பு. நீர் பிரிக்கிற மாத்திரையை இரட்டிப்பாகத் தின்றுவிட்டு, இரண்டு பேரையும் பார்த்து வாலாட்டியிருக்கிறார் மேனேஜர்.

"ஏம்மா, ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

நர்ஸ் சிரித்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"நோய் முத்தல. ஆனா சிறுநீரகம் எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு இப்போ சொல்ல முடியாது. இங்கேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்தா ஒரே ஒரு விதி. குடுத்தவங்க வாயைத் திறந்து குடுத்தாச்சுன்னு சொல்லணும். மத்தவங்க சரின்னு சொல்லணும். சண்டையா இருந்தாலும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். "வலையை அன்னைக்கே போட்டிருக்கணும்" என்றார். "அட்டையை எடுத்து வெச்சதைச் சொல்லியிருக்கணும்" என்றேன். அப்புறம் அவர் அழுதார். மேனேஜருக்காகவா, என்னோடு பேசியதற்காகவா, கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்னும் ட்ரிப்ஸ்தான். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கடவுளே, இந்த ஒரு தடவை.

மார்ச் 17, திங்கள்

பார்க்கப் போனோம். முன்னங்காலில் ஊசியோடு படுத்திருந்தார். நான் குனிந்து கைப்பையைத் தரையில் வைத்தேன். தலையை மெதுவாகத் தூக்கினார். நகர்ந்தார். பைக்குள் மூக்கை விட்டார்!

நன்றாகச் சோதித்துவிட்டு, தடை செய்யப்பட்ட பொருள் ஏதுமில்லை என்று ஒரு தும்மல் போட்டார். நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். எனக்கு மூக்கெல்லாம் ஒழுகியது. டாக்டரம்மாவும் நம்பிக்கையாகத்தான் பேசினார்.

மார்ச் 23, ஞாயிறு

மேனேஜர் வீட்டில், தன் பாயில். இளைத்திருக்கிறார், ஆனால் அதிகாரத்தில் குறைவில்லை.

பால்கனி வலை வந்துவிட்டது. கூலிக்கு வந்த ஆள் போல வீட்டுக்காரர் இரண்டு தடவை அளந்து, "அம்மா, இந்த அளவு சரியா?" என்று என்னைக் கேட்டுக் கேலி செய்துகொண்டே மாட்டினார். ஒரு விரல் நுழையாது. குண்டூசி வலைக்கு உள்ளே உட்கார்ந்து வெளியே இருக்கும் புறாவை முறைக்கிறாள், ஏதோ வலை போட்டுப் புறாவை நாங்கள் காப்பாற்றிவிட்டதைப் போல.

அறை ஜன்னலுக்கு நான் திரை தைத்துவிட்டேன். வெண்ணெய் நிறம். மேனேஜர் கையெழுத்துப் போட்ட துணிதான், துவைத்ததில் போய்விட்டது. கிட்டே போய் மோந்து பார்க்காதவரை.

ஏப்ரல் 12, சனி

மீதியிருந்த கம்பிவலையை என் துணி வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்! துணிக்கு மட்டும் என்று நான் கண்ணைப் போலப் பாதுகாத்துவந்த கத்தரிக்கோல். முனை முழுக்கப் பல் பல்லாக இருக்கிறது. கேட்டால், "இரும்புதானே, இரும்பை வெட்டாதா?" என்கிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. பூனை விழுந்த அன்றுகூட இல்லை. இனிமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை, இந்தத் தடவை நிஜமாக, என்று முடிவு கட்டி மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மேனேஜருக்கு மாத்திரை குடுத்தாச்சு!"

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மேனேஜர் உதட்டை நக்கிக்கொண்டே வந்து என் முன்னால் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தார்.

"குடுத்தாச்சுன்னு சொன்னேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி" என்றேன்.

"என்ன, காதுல விழல."

"சரி! சரி! சரி!"

"டீ போடட்டா?"

இந்த வீட்டில் இனி நிம்மதியாக ஒரு சண்டைகூடப் போட முடியாது. கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. சொன்னேன்.